அகமதொஸ்: சோர்வறியாததைச் சொல்லும் பழைய கிரேக்கச் சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அகமதொஸ் என்றால் என்ன பொருள்?

சோர்வில்லாத, களைப்பை அறியாத என்று பொருள். பழைய கிரேக்கத்தில் இது ஒரு பெயரடை. மிகப் பழைய கிரேக்கக் கவிஞர்களான ஹோமர், ஹெஸியட் காலத்திலிருந்தே கவிதையில் வருகிறது. அன்றாடப் பேச்சைவிடக் கவிதைக்கே அதிகம் உரிய சொல்.

அகராதியில் பார்த்தால் இவ்வளவுதான் கிடைக்கும். ஆனால் இந்தச் சொல் எதன்மேல் அமர்கிறது என்று கவனித்தால் விஷயம் பெரிதாகிறது. தீ, சூரியன், காற்று, நிலம், கலைத் தெய்வங்களின் குரல், வானத்தைத் தாங்கும் கைகள் என்று மனிதரல்லாதவற்றின்மேல்தான் பெரும்பாலும் அமர்கிறது. அப்படி அமரும் இடத்துக்குப் பக்கத்திலேயே களைத்துப்போகிற மனிதன் ஒருவன் நிற்பான். அவனையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தச் சொல் முழுதாகப் புரியும்.

எப்படி உச்சரிக்க வேண்டும்?

'கல்' என்பதில் வரும் வல்லின க, 'தலை' என்பதில் வரும் வல்லின த. இரண்டையும் அப்படியே வைத்து அ-க-ம-தொஸ் என்று சொல்லுங்கள். தமிழ் வழக்கப்படி இடையில் வரும் ககரத்தை மென்மையாக்கிவிடக் கூடாது. குரல் ஏறுவது இரண்டாவது அசையில்.

கடைசி அசையின் உயிர் குறில். 'தோஸ்' அல்ல, 'தொஸ்'. கிரேக்கத்தில் ஒகரத்துக்கு ஒமிக்ரான், ஓகாரத்துக்கு ஒமேகா என்று இரண்டு எழுத்துகள் உண்டு. எ, ஏ இரண்டுக்கும் அப்படியே தனித்தனி எழுத்து. தமிழிலும் இந்த வேறுபாடு இருப்பதால், கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவது பல மொழிகளில் எழுதுவதைவிடச் சுலபம். இந்த வசதியை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை.

இந்தச் சொல் எப்படி உருவானது?

'கமதொஸ்' என்றால் பாடு, உழைப்பு, அதனால் வரும் களைப்பு. அதன் முன்னால் இன்மையைக் குறிக்கும் 'அ' சேர்ந்தால் அகமதொஸ். நீதி, அநீதி என்று வடமொழிவழி நமக்குப் பழக்கமான அதே முன்னொட்டுதான். கிரேக்கமும் வடமொழியும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல.

கமதொஸ் என்பதற்குப் பின்னால் 'கம்னோ' என்ற வினை இருக்கிறது. கவனமாகப் பார்க்க வேண்டியது இந்த வினையைத்தான். பாடுபட்டு ஒன்றைச் செய்வது கம்னோ. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் கையில் இருக்கும் செங்கோலை ஹெஃபைஸ்டஸ் தெய்வம் உழைத்துச் செய்தது என்று, ட்ரோய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியம் சொல்லும்போது இந்த வினைதான் வருகிறது. அப்படி உழைத்துக் களைப்பதும் கம்னோ. நோயில் விழுவதும் கம்னோ. கிரேக்க மருத்துவ நூல்களில் 'கம்னொந்தெஸ்' என்றால் நோயாளிகள். கடைசியாக, 'கமொந்தெஸ்' என்று இறந்தகாலத்தில் சொன்னால் செத்தவர்கள், அதாவது பட்ட பாடெல்லாம் பட்டு முடித்தவர்கள். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் பாதாள உலகத்து நிழல்களுக்கு இந்தச் சொல் வருகிறது.

செய்தல், களைத்தல், நோயுறுதல், சாதல் என்று ஒரு மனித வாழ்க்கையே இந்த ஒரு வினைக்குள் இருக்கிறது. அகமதொஸ் என்று சொல்லும்போது மறுக்கப்படுவது இந்த வரிசை முழுவதும்தான். வெறுமனே 'சுறுசுறுப்பான' என்று மொழிபெயர்த்தால் ஏன் போதாது என்பது இதில் தெரியும்.

வடமொழியின் 'சம்' என்ற வினையடியை இதன் உறவாக ஒப்பியல் மொழியியலார் காட்டுகிறார்கள். பாடுபடுதல், ஓய்ந்து அடங்குதல் என்ற இரு பொருளும் அந்த அடிக்கு உண்டு. சாந்தி என்ற சொல் அதிலிருந்துதான் வருகிறது.

ஹோமரில் இது எங்கே வருகிறது?

ஹோமரில் அகமதொஸ் என்ற வடிவம் தீக்கே உரியது. 'ஆகமதொன் பூர்', அதாவது 'சோர்வறியாத தீ'. பூர் என்றால் தீ. அது அஃறிணைப் பெயர் என்பதால் பெயரடையின் முடிவு 'தொன்' ஆகிறது. முதல் எழுத்து ஏன் நீண்டது என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

இலியட் 5-ஆம் காண்டம் தொடங்கியவுடனே இது வந்துவிடுகிறது. கிரேக்க வீரன் டயோமிடீஸின் தலைக்கவசத்திலும் கேடயத்திலும் அதீனா தெய்வம் சோர்வறியாத தீயை மூட்டுகிறாள். அது இலையுதிர் காலத்து விண்மீன்போல் மின்னுகிறது. அப்புறம் கிரேக்கரின் கப்பல்களைக் கொளுத்த ட்ரோய் வீரர்கள் கொண்டுவரும் தீ, கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸின் தலைக்குமேல் எரியும் தீ, ஆற்றையே கொதிக்கவைக்கும் தீ, பிணத்தை எரிக்கும் தீ என்று காண்டம் காண்டமாக வருகிறது.

21-ஆம் காண்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்கமாண்டர் ஆறு அக்கிலீஸை மூழ்கடிக்கப் பார்க்கிறது. தெய்வங்களின் அரசி ஹீரா தன் மகனான தீத்தெய்வம் ஹெஃபைஸ்டஸை அனுப்புகிறாள். கரையில் நிற்கும் எல்ம் மரங்களும் வில்லோ மரங்களும் கோரையும் எரிகின்றன. தண்ணீருக்குள் விலாங்கும் மீன்களும் துடிக்கின்றன. மகனை அனுப்பும்போதே ஹீரா சொல்லிவிடுகிறாள்: நான் குரல் கொடுக்கும்வரை நிறுத்தாதே, குரல் கொடுத்தபிறகு சோர்வறியாத தீயை அடக்கு. தீ தானாகக் களைத்து நிற்காது, யாராவது நிறுத்தினால்தான் உண்டு என்பது அந்தக் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது.

இது அடியை நிரப்பப் போட்ட அடைமொழி மட்டும்தானே?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹோமரின் யாப்பில் ஓர் அடிக்கு ஆறு சீர். ஒவ்வொரு சீரும் ஒரு நெடிலும் இரண்டு குறிலுமாகவோ, இரண்டு நெடிலாகவோ இருக்க வேண்டும். அ, க, ம மூன்றும் குறில். மூன்று குறில் தொடர்ந்து வந்தால் அந்த யாப்பில் இடமே இல்லை. அதனால் கவிஞர்கள் முதல் எழுத்தை நீட்டி 'ஆகமதொன்' என்றார்கள். குறளில் ஓசை நிறைய 'ஓஒதல் வேண்டும்' என்று அளபெடுக்கிறதே, ஏறக்குறைய அந்த வேலைதான். நீட்டியபின் 'ஆகமதொன் பூர்' அடியின் கடைசி இரண்டு சீர்களில் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. எழுதிவைக்காமல் பாடிக்கொண்டே கவிதை கட்டுகிறவனுக்கு இது கையில் தயாராக இருக்கும் சரக்கு.

மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1928-இல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வுகளில் இப்படிப்பட்ட தொடர்களை ஆராய்ந்து, ஹோமரின் அடைமொழிகள் ஒரு பரம்பரையின் பொதுச் சொத்து என்று காட்டினார். பிறகு 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் வாய்மொழிக் காவியப் பாடகர்களைப் பதிவுசெய்து, அந்த வழக்கம் உயிரோடு இயங்குவதை நேரில் கண்டார். அவர் பார்வையில் இந்த அடைமொழிகள் அணிக்காக வருபவை. அந்தந்தக் காட்சிக்கென்று தேர்ந்தெடுத்தவை அல்ல.

ஒடிசியைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். 20-ஆம் காண்டத்தில் வேலைக்காரப் பெண்கள் காலையில் அடுப்பு மூட்டுகிறார்கள். அதுவும் சோர்வறியாத தீதான். 21-ஆம் காண்டத்தில், வளைக்க முடியாத வில்லுக்குக் கொழுப்பு தடவிச் சூடுகாட்ட மெலாந்தியஸ் என்ற ஆடுமேய்ப்பவன் தீ மூட்டுகிறான். அதற்கும் இதே அடைமொழி. இந்த இடங்களில் பெரிய அர்த்தம் தேடுவது வீண்.

ஆனால் இலியட் விஷயத்தில் நான் அவ்வளவு தூரம் ஒத்துப்போக மாட்டேன். பரம்பரைச் சரக்கு என்பதாலேயே அதற்கு உயிர் இல்லை என்று ஆகிவிடாது. நல்ல பாடகன் கையில் பழைய தொடரும் இடமறிந்து விழும்.

அப்படி இடமறிந்து விழுந்த ஓர் இடத்தைக் காட்ட முடியுமா?

23-ஆம் காண்டத்தைக் காட்டுவேன்.

அக்கிலீஸின் உயிர் நண்பன் பட்ரோக்ளஸ் செத்துக் கிடக்கிறான். அவனைக் கொன்ற ட்ரோய் வீரன் ஹெக்டரைக் கொன்று பழிதீர்த்துவிட்டு அக்கிலீஸ் திரும்பியிருக்கிறான். உடம்பைக் கழுவக்கூட மறுக்கிறான். அகமெம்னானிடம் அவன் கேட்பது இது: விடிந்ததும் விறகு கொண்டுவரச் சொல், சோர்வறியாத தீ இவனைச் சீக்கிரம் எரித்து எங்கள் கண்ணிலிருந்து மறைக்கட்டும், மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கத் திரும்பட்டும். இது 52, 53-ஆம் அடிகள்.

மறுநாள் நூறடி நீள அகலத்தில் சிதை அடுக்குகிறார்கள். ஆடுமாடுகளை அறுத்து, அவற்றின் கொழுப்பால் பிணத்தை மூடுகிறார்கள். தேனும் எண்ணெயும் வைக்கிறார்கள், குதிரைகளை ஏற்றுகிறார்கள். பிடித்துவைத்திருந்த பன்னிரண்டு ட்ரோய் இளைஞர்களை அக்கிலீஸ் வெட்டிப்போடுகிறான். தீ வைத்தாயிற்று. அப்புறம் 192-ஆம் அடி சொல்கிறது: பட்ரோக்ளஸின் சிதை எரியவில்லை.

சோர்வறியாத தீ என்று வாய்நிறையச் சொன்னானே, அது பற்றவே இல்லை. அக்கிலீஸ் தள்ளி நின்று வாடைக்கும் மேல்காற்றுக்கும் வேண்டிக்கொள்கிறான். காற்றுகள் தங்கள் விருந்தை விட்டுவிட்டுக் கடலைக் கலக்கிக்கொண்டு வருகின்றன. இரவு முழுக்க அவை சேர்ந்து ஊத, சிதை எரிகிறது. இரவு முழுக்க அக்கிலீஸ் பொற்கலத்திலிருந்து மதுவை மொண்டு தரையில் ஊற்றி, நண்பனின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே, சிதையைச் சுற்றிக் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். மகனை எரிக்கும் தகப்பன்போல அழுதான் என்கிறார் ஹோமர்.

விடிவெள்ளி வரும் நேரத்தில் சிதை வாடுகிறது, தீக்கொழுந்து நிற்கிறது. சோர்வறியாத தீ அடங்கிவிட்டது. அடுத்து 231, 232-ஆம் அடிகளில் அக்கிலீஸ் சிதையிலிருந்து விலகி, களைத்துப்போய்ச் சாய்கிறான். இனிய தூக்கம் அவன்மேல் பாய்கிறது. 'களைத்துப்போய்' என்ற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'கெக்மேயோஸ்', அதே கம்னோ வினையின் எச்ச வடிவம். அந்த இரவு தொடங்குவதற்கு முன் அவன் வாயில் 'அகமதொன்'. முடியும்போது அவன் உடம்பில் 'கெக்மேயோஸ்'. கவிஞர் இதைத் திட்டமிட்டார் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் மொழி காதில் விழும் எவருக்கும் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும்.

இன்னொரு இடமும் உண்டா?

16-ஆம் காண்டம். தங்கள் கப்பல் ஒன்றில் ட்ரோய்க்காரர்கள் தீ வைப்பதைக் கிரேக்கர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 'ஆகமதொன் பூர்' என்கிறது 122-ஆம் அடி. அடுத்த அடியிலேயே 'அணைக்க முடியாத' கொழுந்து கப்பல்மேல் பரவுகிறது. 'அணைக்க முடியாத' என்பதற்கான கிரேக்கச் சொல் 'அஸ்பெஸ்தொஸ்'. நம் ஊர்க் கூரைகளில் பார்க்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் பெயர் அந்தச் சொல்தான். சரி, என்ன ஆகிறது? 293-ஆம் அடியில் பட்ரோக்ளஸ் வந்து அதை அணைத்துவிடுகிறான். பாதி எரிந்த கப்பல் அங்கேயே நிற்கிறது.

அதே காண்டத்தின் முடிவில் பட்ரோக்ளஸ் ஹெக்டர் கையால் சாகும்போது ஓர் உவமை வருகிறது. மலையுச்சியில் ஒரு சின்ன ஊற்று. சிங்கத்துக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும். சோர்வறியாத பன்றியைச் சிங்கம் வெல்கிறது. பன்றி மூச்சிரைத்துக்கொண்டே விழுகிறது. சோர்வறியாதது மூச்சிரைக்கிறது! பட்ரோக்ளஸுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியாது.

சூரியனுக்கும் இதே சொல்தானா?

உறவுள்ள வேறொரு வடிவம்: 'அகமாஸ்'. பொருள் ஒன்றுதான், வேற்றுமை ஏற்கும் விதம் வேறு. மேலே சொன்ன பன்றிக்கு வருவதும் இந்த வடிவம்தான். ஸ்பெர்கியஸ் என்ற தெஸ்ஸலி நாட்டு ஆற்றுத் தெய்வத்துக்கும் வருகிறது.

சூரியனுக்கு இலியட் 18-ஆம் காண்டத்தில் இரண்டு முறை வருகிறது. அக்கிலீஸ் கவசம்கூட இல்லாமல் அகழியோரம் வந்து நிற்கிறான். அதீனா அவன் தலைக்குமேல் தீயை எரியவிடுகிறாள். மூன்று முறை கத்துகிறான். அந்தச் சோர்வறியாத தீயைக் கண்டு ட்ரோய்த் தேரோட்டிகள் மிரள்கிறார்கள். பட்ரோக்ளஸின் உடலைக் கிரேக்கர்கள் மீட்கிறார்கள். உடனே ஹீரா, சோர்வறியாத சூரியனை, அதற்கு விருப்பமில்லாமலே, கடலுக்குள் அனுப்பிவைக்கிறாள். தீ 225-ஆம் அடியில், சூரியன் 239-ஆம் அடியில். சூரியனுக்கு இறங்க மனமில்லை; இன்னும் ஓடத் தெம்பு இருக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்குத்தான் இல்லை. சூரியன் மறைந்ததும் கிரேக்கர்கள் போரை நிறுத்துகிறார்கள். அதே காண்டத்தின் பிற்பகுதியில், ஹெஃபைஸ்டஸ் அக்கிலீஸுக்குச் செய்யும் கேடயத்தில் சோர்வறியாத சூரியனும் முழுநிலவும் பொறிக்கப்படுகின்றன.

ஹெஸியட் எப்படிப் பயன்படுத்துகிறார்?

ஹோமரைவிடத் தாராளமாக. தெய்வங்களின் பிறப்பைப் பாடும் அவருடைய தியொகொனியில், கலைத் தெய்வங்களின் வாயிலிருந்து சோர்வறியாத குரல் இனிமையாக ஒழுகுகிறது. இதன் பக்கத்தில் இலியட் 2-ஆம் காண்டத்தை வைத்துப் பாருங்கள். எனக்குப் பத்து நாவும் பத்து வாயும் உடையாத குரலும் வெண்கல நெஞ்சும் இருந்தாலும் இத்தனை வீரர்களின் பெயரைச் சொல்ல முடியாது என்கிறான் கவிஞன். மனிதக் குரல் உடைகிற குரல் என்று அவனுக்குத் தெரியும்.

அப்புறம் ப்ரொமீதியஸ். மனிதருக்குச் சோர்வறியாத தீயின் வலிமையைக் கொடுக்க மாட்டேன் என்று தெய்வங்களின் அரசன் ஸீயஸ் நிறுத்திவைக்கிறார். ப்ரொமீதியஸ் அந்தத் தீயை ஒரு செடித் தண்டின் உள்ளீட்டுக்குள் ஒளித்துத் திருடிவருகிறார். நார்தெக்ஸ் என்ற அந்தச் செடி, பெருங்காயம் எடுக்கிறார்களே, அந்தச் செடியின் இனம்தான். அதன் தண்டுக்குள் இருக்கும் சோறு மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும். மேலே தோல் எரியாது. தீயை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போக ஏற்ற பொருள். கதைக்குள் இப்படி ஒரு நடைமுறை அறிவு இருப்பது அழகு.

ஆனால் ஹெஸியடில் என்னை மிகவும் பாதிப்பது அட்லஸ். உலகத்தின் ஓரத்தில், கடுமையான கட்டாயத்தின் கீழ், தலையாலும் சோர்வறியாத கைகளாலும் வானத்தைத் தாங்கி நிற்கிறான். ஸீயஸ் அவனுக்கு ஒதுக்கிய பங்கு அது. இங்கே சோர்வின்மை வரம் அல்ல, தண்டனை. களைத்துக் கையை இறக்கிவைக்கும் உரிமை அவனுக்கு இல்லை. அடுத்த அடிகளிலேயே கட்டிப்போடப்பட்ட ப்ரொமீதியஸ் வருகிறான். பகலில் கழுகு தின்ற ஈரல் இரவில் அதே அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. தீர்ந்துபோகாத கையும் தீர்ந்துபோகாத ஈரலும் அடுத்தடுத்து நிற்கின்றன.

மனிதர்களைப் பற்றி இந்தச் சொல் வருவதே இல்லையா?

வருகிறது, ஆனால் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறிய எஸ்கிலஸின் பாரசீகர்கள் நாடகத்தில், கவசம் பூண்ட வீரர்களின் சோர்வறியாத வலிமை நம்மிடம் இருந்ததே என்று பாரசீக முதியவர்கள் புலம்புகிறார்கள். முந்தைய மன்னன் டேரியஸ் காலத்து நினைவு அது. சலாமிஸ் கடற்போரில் கிரேக்கரிடம் தோற்று எல்லாம் போனபிறகு சொல்கிறார்கள். மனித வலிமையைச் சோர்வறியாதது என்று சொல்லும்போது அந்த வலிமை ஏற்கெனவே இல்லை.

பிந்தர் என்ற கவிஞர் விளையாட்டு வெற்றிப் பாடல்களில் இதை வைத்துப் பெரிய கூட்டுச்சொற்களைக் கட்டுகிறார். சோர்வறியாத கால்களையுடைய குதிரைகள், சோர்வறியாத கால்களையுடைய இடி என்றெல்லாம் வரும். பிலாப்ஸ் என்ற வீரனுக்குக் கடல் தெய்வம் பொஸைடன் கொடுத்த சிறகுள்ள குதிரைகளும் அவரிடம் சோர்வறியாதவை. ஓட்டப்பந்தயத்தையும் தேர்ப்பந்தயத்தையும் பாடுகிறவருக்கு இந்தச் சொல் கைகொடுத்தது இயல்பு.

சோஃபோக்ளிஸின் அந்தப் புகழ்பெற்ற வரி என்ன?

அந்திகொனி நாடகத்தில் நுழைவுப் பாட்டுக்குப் பின் வரும் முதல் குழுப்பாடல். வியப்பானவை பல உண்டு, மனிதனைவிட வியப்பானது ஒன்றும் இல்லை என்று தொடங்குகிறது. கடலைக் கடக்கிறான் என்று சொல்லிவிட்டு நிலத்துக்கு வருகிறது. தெய்வங்களில் உயர்ந்தவளான நிலமகளை, அழியாதவளை, சோர்வறியாதவளை, ஆண்டுக்காண்டு ஏர் ஓட்டிப் புரட்டிப் புரட்டித் தேய்க்கிறான்.

வாக்கியத்துக்குள்ளேயே முரண் இருக்கிறது. சோர்வறியாதவள் என்கிறது அடைமொழி. தேய்க்கிறான் என்கிறது வினை. இது மனிதனுக்குப் பாராட்டா, எச்சரிக்கையா என்று உரைகாரர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டும் என்றே நான் படிக்கிறேன். தேயாத ஒன்றையும் தேய்க்கும் அளவுக்கு இவன் விடாப்பிடிக்காரன் என்பது பாராட்டாகவே அச்சம் தருகிறது.

இலக்கணக் குறிப்பு ஒன்று. 'அ' சேர்ந்த இப்படிப்பட்ட கூட்டுப் பெயரடைகள் பொதுவாக ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவத்தில் வரும். ஆனால் இங்கே நிலமகளுக்கும், ஹெஸியடில் அட்லஸின் கைகளுக்கும் (கை என்பது கிரேக்கத்தில் பெண்பால்) தனிப் பெண்பால் விகுதி போட்டிருக்கிறார்கள். கவிதையில் மட்டும் கிடைக்கும் சலுகை.

வேறு எங்கெல்லாம் பார்க்கலாம்?

எம்பெடொக்ளீஸ் என்ற தத்துவஞானி தன் சீடனிடம், பயிரை நாசமாக்கும் சோர்வறியாத காற்றுகளின் வேகத்தை நீ நிறுத்துவாய் என்று வாக்குக் கொடுக்கிறார். அரிஸ்டொஃபனீஸின் மேகங்கள் நாடகத்தில் சூரியன் வானத்தின் சோர்வறியாத கண். பிற்காலத்து ஓர்ஃபிக் துதிப்பாடல்களில் ஹெஃபைஸ்டஸைக் கூப்பிடும் முதல் அடியே 'ஆகமதொன் பூர்' என்று முடிகிறது. தீயின் அடைமொழி கடைசியில் தெய்வத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

இதே பொருளில் வரும் மற்ற சொற்களிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

'அக்மேஸ்' என்பதும் கம்னோவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது 'இன்னும் களைக்காத' என்பது. இயல்பிலேயே களைக்காதது அல்ல. நாங்கள் களைப்பில்லாமல் இருக்கிறோம், களைத்துப்போனவர்களைச் சுலபமாக விரட்டிவிடலாம் என்று பட்ரோக்ளஸ் அக்கிலீஸிடம் கெஞ்சும்போது வருவது இந்தச் சொல். ஓய்வெடுத்துவிட்டு வந்த மனிதர்களுக்குச் சரியான சொல். நாளை அவர்களும் களைப்பார்கள்.

'அதெய்ரேஸ்' என்றால் தேயாத, மழுங்காத. வெண்கலத்துக்கு வரும். உன் நெஞ்சு கோடரிபோல மழுங்காதது என்று பாரிஸ் தன் அண்ணன் ஹெக்டரிடம் சொல்கிறான். 'அஒக்னொஸ்' என்றால் தயங்காத, சோம்பாத. குளிர்காலத்திலும் சோம்பாதவன் வீட்டைச் செழிக்கவைப்பான் என்று ஹெஸியட் விவசாயிக்குச் சொல்வது இது. ஒழுக்க அறிவுரைக்கு ஏற்ற சொல் இதுதான், அகமதொஸ் அல்ல. 'அகொய்மேதொஸ்' என்றால் உறங்காத. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோப்பிளில் முறைபோட்டு இரவும் பகலும் இடைவிடாமல் வழிபாடு நடத்திய துறவிகளை இந்தப் பெயரால் அழைத்தார்கள்.

அகமாஸ் என்று ஆட்களுக்குப் பெயர் இருந்ததா?

இருந்தது. இலியடில் ட்ரோய் தரப்பில் இரண்டு அகமாஸ்கள் முக்கியமானவர்கள். ஒருவன் திரேஸ் நாட்டுத் தலைவன், மற்றவன் ஆன்டினாரின் மகன். கிரேக்க வீரர்களில் முதலாமவனை ஐயாஸ் கொல்கிறான், இரண்டாமவனைத் தேரில் ஏறும்போது மெரியொனீஸ் குத்துகிறான். 'களைப்பறியாதவன்' என்ற பெயர் இருவரையும் காப்பாற்றவில்லை.

ஏதென்ஸின் புராண மன்னன் தீசியஸின் மகன் ஒருவனுக்கும் இதே பெயர். கி.மு. 508/507-இல் கிளைஸ்தனீஸ் ஏதென்ஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாகப் பிரித்தபோது, நூறு பெயர்கள் கொண்ட பட்டியலிலிருந்து டெல்ஃபி அருள்வாக்கு தேர்ந்தெடுத்த பத்து வீரர்களில் அவனும் ஒருவன். ஏதென்ஸின் புகழ்பெற்ற அரசியல் தலைவர் பெரிக்ளீஸ், அவன் பெயரால் அமைந்த அகமாந்திஸ் பிரிவைச் சேர்ந்தவர். சைப்ரஸின் வடமேற்கு முனையில் உள்ள அகமாஸ் தீபகற்பத்தின் பெயரையும் தீசியஸின் மகனோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இன்றைய கிரேக்கத்தில் இந்தச் சொல் சோம்பேறியைக் குறிக்கிறதாமே?

பாதி உண்மை. 'அகமதொஸ்' இன்றும் எழுத்து வழக்கில் 'சோர்வில்லாத' என்ற பொருளில் இருக்கிறது. பேச்சில் அதற்கு 'அகூரஸ்தொஸ்' என்ற வேறு சொல் உண்டு. சோம்பேறியைக் குறிப்பது 'அகமாதிஸ்'. அதே முன்னொட்டு, அதே கமதொஸ். ஆனால் பழைய கவிஞர்கள் 'களைப்பு இல்லாதது' என்று எடுத்ததை, பேச்சுமொழி 'உழைப்பு இல்லாதவன்' என்று எடுத்துக்கொண்டது. கமதொஸுக்கு உழைப்பு, களைப்பு என்ற இரு பொருளும் இருந்ததால் இரண்டு வழியும் திறந்தே இருந்தன.

கம்னோவும் சாகவில்லை. 'செய்' என்பதற்கு இன்று கிரேக்கர்கள் சொல்லும் 'கானோ' அதன் தேய்ந்த வடிவம். செய்தல், களைத்தல், நோயுறுதல், சாதல் நான்கில் செய்தல் மட்டும் தங்கியிருக்கிறது.

தமிழில் எப்படி மொழிபெயர்க்கலாம்?

எல்லா இடத்துக்கும் ஒரே சொல் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். 'அயராத' என்றால் உடனே 'உழைப்பு' என்று மனம் முடித்துக்கொள்ளும். அஞ்சலிச் சுவரொட்டிகளில் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கதிரவனுக்கு அது பொருந்துகிறது. போர்க்களத்துத் தீக்கும் காட்டுப்பன்றிக்கும் நான் 'சளைக்காத' என்று போடுவேன். எதிராளி இருக்கும் இடம் அது, சொல்லிலும் அந்த முட்டல் இருக்கிறது. 'தணியாத தீ' காதுக்கு இனிமைதான், ஆனால் அதில் களைப்பு என்ற எண்ணமே போய்விடுகிறது. அட்லஸுக்குத் 'தளராத கைகள்'. காற்றுக்கு 'ஓயாத' சரி. கலைத் தெய்வங்களின் குரலுக்கு அதே சொல்லைப் போட்டால் ஓயாத பேச்சு என்று கேலியாகிவிடும், அங்கே 'வற்றாத குரல்' நல்லது, 'ஒழுகுகிறது' என்ற வினையோடும் சேரும். அந்திகொனியின் நிலமகளுக்குச் 'சலியாத'.

இலியட் 23-ஆம் காண்டத்தில் மட்டும் ஒரு கட்டாயம் உண்டு. தீக்குக் 'களைப்பறியாத' என்றே போட்டு, விடியற்காலையில் அக்கிலீஸ் சாயும் இடத்தில் 'களைத்து' என்று அதே அடிச்சொல்லைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒன்றுக்கு 'அயராத', மற்றதற்குச் 'சோர்ந்து' என்று மாற்றிப்போட்டால் கிரேக்கத்தில் காதில் விழும் தொடர்பு தமிழில் அறுந்துவிடும்.

மூலத்தில் படிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

தியொகொனி சுமார் ஆயிரம் அடிதான், மொழியும் ஹோமரின் மொழியே. அதில் 507-ஆம் அடியிலிருந்து 616 வரை அட்லஸ், ப்ரொமீதியஸ் பகுதி. எழுத்துகளையும் அடிப்படை இலக்கணத்தையும் கற்றபின், ஒரு நாளைக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடலாம். சோர்வறியாத கைகளும் சோர்வறியாத தீயும் அந்த நூற்றுச் சொச்சம் அடிக்குள்ளேயே கிடைக்கும். அதன்பிறகு இலியட் 23-ஆம் காண்டத்தின் முதல் 257 அடிகளுக்குப் போங்கள். வாய்விட்டுப் படியுங்கள், முதல் 'ஆ'வை நீட்ட மறக்காதீர்கள்.